கப்பித்தான் யாப் ஆ லோய்

மலாயாவுக்குப் போய்வந்த பாட்டனார் ஒருவரைப் பற்றிப் பேசாத குடும்பம் யாழ்ப்பாணத்திலே அரிது. கல்லூரியில் ஆங்கிலம் கற்று வெளியேறிய இளைஞர் கப்பலேறிச் சென்று, கோலாலம்பூரிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். அவர்களிற் பலர் குடியிருந்த இடம் பிறிக்பீல்ட்ஸ். அங்கே 1902 இல் தோன்றிய கந்தசுவாமி கோயிலும், 1904 இல் எழுந்த விவேகானந்த ஆச்சிரமமும் நம்மவர் பெயரை இன்றும் சொல்லி நிற்கின்றன. பிறிக்பீல்ட்ஸ் என்றால் செங்கற்களம் என்பது பொருள். அக்களத்தை அங்கே வைத்தவர் யார் என்று விசாரித்தவர் நம்முள் மிகச் சிலரே. அவர் ஒரு சீனர், பள்ளிப்படிப்பு இல்லாதவர், தகரச் சுரங்கத்திலே கூலியாகவும் சமையற்காரராகவும் இருந்தவர். பெயர் யாப் ஆ லோய்.

சீனதேசத்தின் குவாங்டுங் மாகாணத்திலே, ஹக்கா மரபினரான ஏழைக் குடும்பமொன்றில், 1837ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆம் திகதி அவர் பிறந்தார். பதினேழாம் வயதில், 1854 இல், மலாக்காவில் வந்திறங்கினார். சுரங்க வேலை சில மாதம். உறவினர் கடையிலே ஊழியம் சில காலம். பின்பு உறவினர் அவரைத் தாயகத்துக்கே திருப்பியனுப்பக் கருதிச் சிங்கப்பூருக்கு அனுப்பினர். கப்பலுக்குக் காத்திருந்த இடைவேளையிலே கையிலிருந்த பணத்தைச் சூதாடித் தோற்றார். ஊருக்குப் போக வழியில்லை. உறவினர் முகத்தில் விழிக்கவும் நாணம். கால்நடையாகவே புறப்பட்டு லுக்குட் என்னும் சுரங்க ஊரை அடைந்து, அங்கே சமையல் செய்தார். பன்றி வியாபாரம் செய்தார். பின்னர் சுங்கை ஊஜோங்கிலே சீனத் தலைவரொருவரின் படைவீரரானார். ஒரு சூதாட்டத் தோல்வி ஒரு நகரத்துக்குத் தலைவனைத் தேடிக் கொடுத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அந்நகரம் அப்பொழுது நகரமே அன்று. 1857 இல் கிள்ளான் பிரதேசத்துத் தலைவர் ராஜா அப்துல்லா எண்பத்தேழு சீனத் தொழிலாளரைத் தகரம் தேடி ஆற்றுவழியே மேலே அனுப்பினார். கொம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கூடுமிடத்திலே அவர்கள் இறங்கி, காட்டினூடே அம்பாங் சென்றனர். ஒரு மாதத்துள் அறுபத்தொன்பது பேர் காய்ச்சலால் மாண்டனர். எஞ்சியவர் பதினெண்மர். அவர்களுக்குப் பின்னும் ஆட்கள் அனுப்பப்பட்டார்கள், தகரம் கிடைத்தது. சுரங்கத்துக்கு அரிசியும் எண்ணெயும் விற்க ஆற்றங்கூடலிலே சில குடிசைகள் எழுந்தன. சேற்றுக் கூடல் என்னும் பொருள்பட அதற்குக் கோலாலம்பூர் என்று பெயராயிற்று. 1862 இல் அங்கு வந்து சேர்ந்த யாப் ஆ லோய், 1868 இல் அவ்வூர்ச் சீனருக்கெல்லாம் தலைவராகி, கப்பித்தான் பதவி பெற்றார்.

பதவியோடு போரும் வந்தது. சிலாங்கூரின் மலாய்ப் பிரபுக்கள் இரு கட்சியாகப் பிரிந்து தகர வருவாய்க்காகப் போர் செய்தனர். கப்பித்தான் தெங்கு கூடின் பக்கம் நின்றார். 1872 ஓகஸ்டிலே எதிரிகள் கோலாலம்பூரைப் பிடித்தனர். அவர் கிள்ளானுக்குத் தப்பியோடினார். மறுவருடம் மார்ச்சிலே பகாங் படையின் உதவியோடு மீண்டு வந்தபோது கண்டதென்ன? ஊர் சாம்பல். சுரங்கக் குழிகளெல்லாம் வெள்ளம். ஆட்கள் பலர் மாண்டனர், பிழைத்தவர் சிதறிப்போயினர். போர்ச்செலவுக்கு வாங்கிய கடனோ தலைக்குமேல்.

இவ்விடத்திலே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடனை உதறிவிட்டு வேறு சுரங்க ஊருக்குப் போயிருந்தால் அவரைக் குறை சொல்வார் இல்லை. அக்காலத்திலே சுரங்க ஊர்கள் தோன்றுவதும் பாழாவதும் வழக்கமே. அவர் போகவில்லை. சிதறிய தொழிலாளரை அழைத்து வந்தார். மேலும் கடன் வாங்கி அவர்களுக்கு முற்பணமும் உணவும் கொடுத்தார். வீடுகளைத் திரும்பக் கட்டினார். ஆனால் தகரத்தின் விலை வீழ்ந்தது. வருடத்துக்கு வருடம் கடன் ஏறியது. 1879 இல் விலை திடீரென உயர்ந்திராவிடின் கப்பித்தானும் மூழ்கியிருப்பார். ஊரும் உடன் மூழ்கியிருக்கும்.

1880 இல் பிரித்தானிய றெசிடென்டின் தலைமையகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. ஆயினும் ஊர் மரமும் ஓலையுமாகவே இருந்தது. நம்மூர்க் கிடுகு வேய்ந்த கொட்டில்களை நெருக்கி அடுக்கினாற்போன்ற குறுந்தெருக்கள். அவற்றுள்ளே எண்ணெய் விளக்குகள். 1881 ஜனவரியிலே தீப்பிடித்து ஊரின் பெரும்பகுதி எரிந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே பெருவெள்ளம் எஞ்சியவற்றைச் சிதைத்தது. தகரவிலை நாளை வீழுமோ என்று அஞ்சும் வியாபாரி இன்று கல்வீடு கட்டுவானா? ஓலையிலேயே காலங்கழித்ததன் காரணம் இதுவே.

1882 இல் றெசிடென்டாக வந்த சுவெட்டன்ஹாம், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென்றும், தெருக்களை அகலமாக்க வேண்டுமென்றும் ஏற்பாடு செய்தார். ஆணையிடுவது எளிது, கல்லுக்கு எங்கே போவது? கப்பித்தான் நகருக்குத் தெற்கே விரிந்த நிலம் வாங்கிச் சூளை வைத்தார். தெருத்தெருவாக ஓலை நீங்கி ஓடு ஏறியது. நம் பாட்டனார்மாரின் பிறிக்பீல்ட்ஸ் பிறந்த கதை இதுதான். அவர் மரவள்ளிமா ஆலை நடத்திய தெருவைச் சீனர் இன்றும் மாவாலைத் தெரு என்றே தம் மொழியில் வழங்குகின்றனர். ஏனையோர்க்கு அது பெட்டாலிங் தெரு. 1884 இல் சீனப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். தாம் படியாதவர் செய்த இக்காரியம் எனக்கு ஏனைய எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகின்றது.

அவரைத் தூயவராக்கிக் காட்டுவது உண்மைக்கு மாறாகும். சந்தை அவருடையது, சூதாட்டக் கொட்டகையும் அவருடையது. அபினியும் மதுவும் சூதும் தந்த குத்தகைப் பணமே அவருடைய செல்வத்தின் ஓர் ஊற்று. பகலெல்லாம் குழியில் நின்று உழைத்த கூலியின் சம்பளம் இரவிலே கப்பித்தானிடமே திரும்பிச் சென்றது. ஊர் எழுந்தது அந்தப் பணத்தினாலுந்தான். வெள்ளை அதிகாரிகளும் அவ்வருவாயிலே பங்கு பெற்றார்கள் என்பதையும் மறைக்கலாகாது.

சீனதேசத்துக்கு ஒருமுறை போய்வர அவர் ஆயத்தம் செய்தார், நோய் இடந்தரவில்லை. 1885 ஏப்ரல் 15ஆம் திகதி, நாற்பத்தெட்டாம் வயதில், கோலாலம்பூரிலேயே காலமானார். மறுவருடம் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதை அவர் காணவில்லை. அந்த இருப்புப்பாதையின் பின்னே நம்மவர் வந்தனர். செங்கற்களத்து நிலத்திலே புகையிரதப் பணியாளர் விடுதிகள் எழுந்தன.

இன்று அந்நகரிலே அவர் பெயரால் வழங்குவது குறுகிய தெரு ஒன்று. 1864 இல் நிறுவப்பட்ட சின் சே சி யா கோயிலிலே அவருக்கும் ஓர் உருவம் வைத்து ஊதுவத்தி ஏற்றுகின்றனர். அங்கிருந்து பிறிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில் அதிக தூரத்தில் இல்லை.