நாடி பிடித்த கை

மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி, விடிந்ததும் வாயிலை நோக்கிக் காத்திருக்கிறான். நேற்று பார்த்த மருத்துவர் இன்றும் வருவார்; நாடியைத் தொடுவார்; காய்ச்சல் தணிந்ததா, கஞ்சி இறங்கியதா, உறக்கம் வந்ததா என்று கேட்பார். அந்த வருகையிலேயே பாதி நோய் பறந்ததுபோல் அவனுக்குத் தோன்றும். இப்பணியின் அருமையை உணர, நாம் வாழும் இப்பெங்களூரில் பணியாற்றிய ஒரு பெருமகனின் வரலாற்றை அறிவது நலம். அவர்தாம் டாக்டர் பல்ப்பு.

1863-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பேட்டை என்னுமிடத்தில் ஈழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார் பல்ப்பு. திருவிதாங்கூரில் மருத்துவக் கல்விக்கான தேர்வில் தேறினார். ஆயினும் இடம் கிட்டவில்லை. வயது காரணமாகக் காட்டப்பட்டது. உண்மைக் காரணம் சாதி. மனம் தளராத அவர் சென்னைக்கு வந்தார். வறுமையோடு போராடிச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பட்டத்தோடு சென்று தாயகத்தில் வேலை கேட்டார். அப்போதும் கதவு திறக்கவில்லை. பிறந்த மண் மறுத்த வேலையை மைசூர் சமஸ்தானம் கொடுத்தது.

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. வீடுகள் பூட்டப்பட்டன, மக்கள் ஊரைவிட்டு ஓடினர். நோயாளிகளை ஊருக்கு வெளியே முகாம்களில் வைத்தனர். அந்தப் பிளேக் பணியில் பல்ப்பு ஈடுபட்டார்.

அன்றைய நிலை என்ன? பிளேக் கிருமியை யெர்சின் 1894-இல் ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். தடுப்பூசியை ஹாஃப்கின் 1897-இல் பம்பாயில் ஆக்கியிருந்தார். எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக நோய் பரவுகிறது என்று சீமோன் 1898-இல் கூறியதை மருத்துவ உலகம் உடனே ஏற்கவில்லை. நோய் கண்டபின் குணமாக்கும் மருந்தோ எவரிடமும் இல்லை.

மருந்தில்லா நோய்க்கு மருத்துவர் எதற்கு என்று கேட்கலாம். மருந்தில்லாதபோதுதான் மருத்துவரின் கண்ணுக்கும் கைக்கும் வேலை மிகுதி. தொடையிடுக்கில் கட்டிய நெறி உடைகிறதா, காய்ச்சல் இறங்குகிறதா, நாடி தளர்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். காலையில் தெளிவாகப் பேசியவன் மாலையில் நினைவிழந்து கிடப்பான். ஒருமுறை பார்த்துச் சீட்டெழுதிவிட்டுப் போவது அங்கே பயன்படாது. முகாம் என்றாலே சாவு என்றஞ்சி, வீட்டிலேயே நோயாளியை ஒளித்துவைத்த காலம் அது. தொட அஞ்சாமல் மறுநாளும் வருகின்ற மருத்துவர் ஒருவரே அந்த அச்சத்துக்கு மாற்று.

எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! தாயகத்தில் அரசாங்க மருத்துவராக ஒரு நாடியைத் தொடவும் உரிமை மறுக்கப்பட்டவர், உற்றாரும் தொடத் தயங்கிய நோயாளிகளிடையே பணி செய்தார். எந்தக் கை தூய கை என்பதற்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

நோய்க்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கும் அவர் மருத்துவம் செய்தார். ஈழவர்க்குக் கல்வியும் அரசாங்க வேலையும் கேட்டு, 13,176 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை 1896-இல் திருவிதாங்கூர் மன்னருக்கு அளித்தார். உடனே பலன் இல்லை. அதற்காக அவர் ஓயவும் இல்லை. பிளேக் பணிக்குப்பின் இங்கிலாந்து சென்று உயர்கல்வி பெற்றுத் திரும்பினார். 1903-இல் நாராயண குருவைத் தலைவராகவும், கவிஞர் குமாரன் ஆசானைச் செயலாளராகவும் கொண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றப் பெருந்துணையாக நின்றார். பெங்களூரில் பிறந்த அவர் மகனே பின்னாளில் நடராஜ குரு எனப் புகழ்பெற்றவர். 1950 ஜனவரி 25-இல் பல்ப்பு மறைந்தார்.

பிளேக் அச்சத்தால் பெங்களூர் விரிந்தது. மல்லேசுவரமும் பசவனகுடியும் எழுந்தன. 1900-இல் விக்டோரியா மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று பிளேக்கைத் தீர்க்கும் மருந்துகள் உண்டு. ஆயினும் படுக்கையில் கிடப்பவன் விடியலில் எதிர்பார்ப்பது மாறவில்லை.

மருத்துவம் பயிலும் தோழர்களே! நாளை நீங்கள் படுக்கை படுக்கையாகச் செல்வீர்கள். கட்டிலில் தொங்கும் அட்டையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு கணம் நின்று நாடியைத் தொடுங்கள். அந்த உரிமைக்காக ஒருவர் தம் ஊரையே விட்டுவர நேர்ந்தது என்பதை மறவாதீர்கள்.