தரங்கம்பாடித் தாவர அறிஞர்

கடலூரிலிருந்து தெற்கே சென்று, சிதம்பரத்தைக் கடந்து, கொள்ளிடத்தைத் தாண்டினால் கடற்கரையில் தரங்கம்பாடி என்னும் ஊரைக் காணலாம். அவ்வூர் 1620 முதல் 1845 வரை டேனியரிடம் இருந்தது. அங்கு 1768-ஆம் ஆண்டில் மருத்துவராக வந்து சேர்ந்தவர் யோகான் கெர்ஹார்டு கோனிக் என்பவர்.

கோனிக் பால்டிக் கடலை அடுத்த நாட்டில் 1728-இல் பிறந்தார். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசிடம் தாவரநூல் பயின்றார். மருத்துவம் அவருக்குத் தொழிலாயிற்று, இயற்கையாராய்ச்சியோ உயிராயிற்று.

மழை பெய்தபின் மட்கிய மரத்திலும் கறையான் புற்றிலும் காளான்கள் முளைக்கும். இன்று தோன்றி நாளை அழியும் அவற்றையும் கோனிக் புறக்கணிக்கவில்லை. இந்தியாவிலிருந்து அவர் அனுப்பிய காளான் ஒன்றை லின்னேயசு 1771-இல் தம் நூலில் விவரித்தார். அது உலக்கை போன்றது. ஆதலின் உலக்கையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையே பெயரில் அமைத்தார். அதன் தலை குடைபோல் விரியாது. உள்ளே கரும்பொடி நிறைந்திருக்கும். அதனால் அவர் அதனைப் பொடிக்காளான் இனத்தில் சேர்த்தார்.

பின்வந்தோர் அதனை நெடுக்கே பிளந்து நோக்கினர். காம்பு தலையின் உச்சிவரை நடுத்தண்டாக ஓடியது. பொடிக்காளானில் இத்தகைய தண்டு இல்லை. எனவே அதனைப் பிரித்துப் போடாக்சிஸ் என்னும் தனி இனமாக்கினர். முதிர்ந்தபின் மைபோல் ஒழுகும் குடைக்காளானுக்கே அது நெருங்கிய உறவு என்பதை அண்மைக்கால மரபணு ஆராய்ச்சி காட்டியுள்ளது. புறத்தோற்றம் பேரறிஞரையும் ஏமாற்றும் அன்றோ?

கோனிக் கறையான்களின் வாழ்க்கையையும் ஆராய்ந்து 1779-இல் கட்டுரை வெளியிட்டார். புற்றினுள் பூஞ்சை வளர்வதை முதன்முதலில் எழுதி வைத்தவர் அவரே என்பர். கறையான்கள் மட்கிய மரத்தையும் சருகையும் தின்று, அக்கழிவால் அடைகள் கட்டி, அவற்றில் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. அப்பூஞ்சையே மழைக்காலத்தில் புற்றுக்காளானாக வெளிவருகிறது. அதன் காம்பு வேர்போல் மண்ணுள் நீண்டு அடையைத் தொட்டுநிற்கும். மேலே கிள்ளியெடுப்பவர் இவ்வடையாளத்தைக் காணார். உண்ணத்தக்க காளானைப் போலவே நச்சுக்காளானும் தோன்றுவதால், இத்தகைய பிழை உயிருக்கே கேடாகும்.

கோனிக் 1785-இல் ஆந்திரக் கடற்கரையில் நோயுற்று இறந்தார். தம் குறிப்புகளை இங்கிலாந்து அறிஞர் பேங்க்சுக்கு உரிமையாக்கினார். நம் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் அவர் பெயர் இன்றும் வாழ்கிறது. வேரோடு அகழ்ந்து, பிளந்து, பொடியையும் நோக்கி, வல்லாரைக் கேட்டபின்னரே ஒரு காளானை இன்னதெனத் துணிதல் வேண்டும். இதுவே அவர் தொடங்கிய ஆராய்ச்சி நமக்கு உணர்த்தும் பாடமாகும்.