போத்தனூர் அம்மாவின் பிள்ளை

மெயின்டனன்ஸ் பணம் கட்டும்போது போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முடியுமா, இப்படியே சுற்றுமா என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். எந்தக் கம்ப்யூட்டர் வேலை நிற்கும், எது நிற்காது என்று எப்போதும் சரியாகச் சொல்லும் கருவியை யாராலும் செய்ய முடியாது. இதற்கு வழிகாட்டிய கட்டுரையை 1936-இல், இன்றைய கம்ப்யூட்டர் பிறக்கும் முன்பே எழுதியவர் ஆலன் டூரிங். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை.

அவருடைய அம்மா எத்தெல் சாரா பிறந்தது நம் கோவை போத்தனூரில்! தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமை இன்ஜினியர். அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. ஆலன் பிறந்தது 1912-இல், லண்டனில். அப்பாவின் வேலை இங்கே என்பதால், அவரும் அண்ணனும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தார்கள்.

கேம்பிரிட்ஜில் இருந்தபோது ஒரு மிஷினை மனதிலேயே கட்டினார். கட்டம் கட்டமாகப் பிரித்த, முடிவில்லாத நாடா. மிஷின் ஒரு கட்டத்தைப் படிக்கும், அழிக்கும், எழுதும், பக்கத்துக் கட்டத்துக்கு நகரும். அவ்வளவுதான். நோட்டில் நாம் கணக்குப் போடுவதும் இப்படித்தானே? உங்கள் போன் போடும் எந்தக் கணக்கையும் இது போட்டுவிடும், ஆமை வேகத்தில்.

இப்போது ஒரு ஜோசிய மிஷின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மிஷினைக் காட்டினாலும் நிற்குமா, நிற்காதா என்று சொல்லிவிடும். அதன் வாக்கைக் கேட்டு, வேண்டுமென்றே நேர்மாறாக நடக்கும் ஒரு வீம்பு மிஷினைக் கட்டுங்கள். வீம்பு மிஷினைப் பற்றியே ஜோசியம் கேட்டால்? நிற்கும் என்றால் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் என்றால் நின்றுவிடும். எப்படியும் ஜோசியம் பொய். அதனால் அப்படி ஒரு ஜோசிய மிஷினே இருக்க முடியாது. எவ்வளவு வேகமான சிப் வந்தாலும் இது மாறாது. (ஒருமுறை புரியாவிட்டால் இந்தப் பத்தியை மட்டும் திரும்பப் படியுங்கள். நானும் அப்படித்தான்.)

உலகப்போரில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைத்ததில் டூரிங்குக்குப் பெரிய பங்கு. இங்கிலாந்து 1952-இல், ஓர் ஆணுடன் உறவு வைத்திருந்தார் என்று அவரைக் குற்றவாளி ஆக்கியது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் மருந்தை ஏற்றார். 1954 ஜூன் 7 அன்று, 41 வயதில், சயனைடு விஷத்தால் இறந்தார். தற்கொலை என்று விசாரணையில் முடிவானது. அம்மா அதை ஏற்கவே இல்லை. வீட்டில் செய்த ரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே நம்பினார். 1959-இல் மகனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். போர்க்காலத்தில் மகன் செய்த வேலை அப்போதும் அரசு ரகசியமாகவே இருந்தது.