முறிந்த காலோடு நடந்த இஞ்ஞாசியார்

2009 இல் மாத்தளனில் செல் துண்டு பட்டு என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. முகாமில் இருந்தபோது செயற்கைக் கால் கிடைத்தது. நடக்கப் பழகினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு வெறுமை விழுந்திருந்தது. சாப்பிட்டேன், வரிசையில் நின்றேன், நித்திரை கொண்டேன். எதற்காக மிஞ்சியிருக்கிறேன் என்பது மட்டும் தெரியவில்லை. பிறந்த நாள் முதல் போய்வந்த கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

முகாமுக்கு வந்துபோன வயதான சுவாமி ஒருவர் எனக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. போரில் கால் முறிந்த ஒரு வீரனின் கதையை மட்டும் சொன்னார். புனித லொயோலா இஞ்ஞாசியாரின் கதை அது. அவருடைய திருநாள் யூலை 31.

ஸ்பானியாவின் வடக்கே பாஸ்க் மக்களின் நிலத்தில், லொயோலா என்ற கோட்டை வீட்டில் 1491 இல் பிறந்தவர் அவர். பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. இனிகோ என்பது வீட்டார் வைத்த பெயர். வாலிப வயதில் வாள், நல்ல உடை, அரண்மனைப் பெண்களின் பார்வை, பேர் புகழ் ஆகியவையே அவருக்கு உலகம்.

பக்கத்தில் நவாரா என்ற சிறிய இராச்சியம் இருந்தது. 1512 இல் காஸ்டில் அரசு அதைப் படையெடுத்துப் பிடித்தது. அதை மீட்க 1521 இல் பிரெஞ்சுப் படை வந்தபோது, பம்ப்லோனா கோட்டையைக் காஸ்டிலுக்காகக் காத்து நின்றவர்களில் இனிகோவும் ஒருவர். சரணடைவோம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர்தான் பிடிவாதமாகச் சண்டைக்கு நின்றார். மே 20 ஆம் திகதி பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலது காலை நொறுக்கியது. மற்றக் காலிலும் காயம். அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது. காயத்துக்கு முதலில் மருந்து போட்டதும், தூக்குக் கட்டிலில் வீட்டுக்கு அனுப்பி வைத்ததும் எதிரிப் படையினரே.

வீட்டில் எலும்பு பிசகிப் பொருந்தியிருந்ததால் மறுபடி முறித்துக் கட்டினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். யூன் கடைசியில் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். பிறகு முழங்காலுக்குக் கீழே ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. சப்பாத்து அழகாகப் பொருந்தாதே என்பதற்காக அதையும் அறுக்கச் சொன்னார். அவ்வளவு வேதனை பட்டும் அந்தக் கால் கட்டையாகவே நின்றுவிட்டது.

படுக்கையில் பொழுது போகாமல் வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவை இரண்டே: கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும். வேறு வழியில்லாமல் வாசித்தார். வாசிக்காத நேரத்தில் பழைய கனவுகள் வரும். அவை ஓடும்போது இனிக்கும், ஓய்ந்ததும் மனம் வறண்டு போகும். புனிதர்களைப் போல் வாழ்ந்தால் என்ன என்று நினைத்தாலோ, நினைப்பு ஓய்ந்த பிறகும் சந்தோசம் தங்கி நிற்கும். இந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார். எந்த நினைப்பு வந்து போனபின் வெறுமையை விட்டுப்போகிறது, எது நிறைவை விட்டுப்போகிறது என்று பார்ப்பதே பிறகு அவர் உலகுக்குக் கற்பித்த பாடம்.

1522 மார்ச்சில் மொன்செராட் மலைக் கோயிலில் ஒரு இரவு முழுவதும் விழித்திருந்து செபித்து, வாளை மாதாவின் பீடத்தில் விட்டுவிட்டு இறங்கினார். நல்ல உடையைப் பிச்சைக்காரன் ஒருவனுக்குக் கொடுத்தார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சுவாமி கதையை முடித்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அடுத்து மன்ரேசா என்ற ஊரில் இஞ்ஞாசியார் ஏறக்குறைய பதினொரு மாதம் இருந்தார். அங்கேதான் இருட்டு வந்தது. செய்த பாவங்கள் மன்னிக்கப்படவில்லையோ என்ற நினைப்பு அவரை அரித்தது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. கடவுளைத் தேடத் தொடங்கிய பிறகு வந்த இருட்டு இது. அவர் அதை மறைக்கவில்லை, பிற்காலத்தில் தானே சொல்லி வைத்தார். ஒருவரிடம் மனம் திறந்து பேசலாம் என்ற துணிவு எனக்கு வந்தது அதைக் கேட்டபிறகுதான். மெல்ல மெல்ல அவருக்கு அமைதி வந்தது. கார்தொனேர் ஆற்றங்கரையில் இருந்தபோது உள்ளம் முழுவதும் வெளிச்சமானது போல் உணர்ந்தார். ஆன்மீகப் பயிற்சிகள் என்ற நூலுக்கு அங்கேதான் அடித்தளம் இட்டார்.

1523 இல் எருசலேம் போனார், தங்க அனுமதி கிடைக்கவில்லை. திரும்பி வந்து, முப்பது வயது தாண்டிய ஆள் சின்னப் பொடியன்களோடு இருந்து லத்தீன் படித்தார். அவருடைய போதனையில் சந்தேகப்பட்டு இரண்டு ஊர்களில் சிறையில் போட்டார்கள். 1528 இல் பரிஸ் சேர்ந்தார்.

அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். சவேரியார் நவாரா நாட்டவர். அவருடைய தகப்பன் நவாரா மன்னருக்கு ஊழியம் செய்தவர். அந்தக் குடும்பத்தின் கோட்டையில் பெரும்பகுதியைக் காஸ்டில் அரசு 1516 இல் இடித்தது. அண்ணன்மார் காஸ்டிலுக்கு எதிராகப் போரிட்டவர்கள். காஸ்டிலுக்காகக் கால் முறிந்தவரும், காஸ்டிலால் குடும்பக் கோட்டை இடிக்கப்பட்டவரும் ஒரே கூரையின் கீழ். சவேரியார் முதலில் நெருங்கவில்லை. இஞ்ஞாசியார் வற்புறுத்தாமல், உதவி செய்துகொண்டு, வருடக்கணக்கில் பொறுத்திருந்தார். 1534 ஓகஸ்ட் 15 அன்று மொன்மார்த் குன்றில் இறைவனுக்கு வாக்குக் கொடுத்த ஏழு பேரில் அந்த இருவரும் இருந்தார்கள். 1540 இல் இயேசு சபைக்குப் பாப்பரசரின் அங்கீகாரம் கிடைத்தது. சவேரியார் 1542 இல் இந்தியா வந்து, தமிழ்க் கரையோர மீனவர்களிடம் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தார். அவர் அனுப்பிய குரு ஒருவரே மன்னார் மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிரிந்தபின் நண்பர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காணவேயில்லை. இஞ்ஞாசியார் 1556 யூலை 31 அன்று உரோமையில் காலமானார். கடைசிவரை கால் நொண்டித்தான் நடந்தார்.

கால் திரும்ப வளரவில்லை, வெறுமைதான் நிரம்பியது. என் கதையும் அவ்வளவுதான். இரவில் செயற்கைக் காலைக் கழற்றும்போது, அவர் கற்பித்தபடி அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கிறேன். பழிவாங்கும் நினைப்பு கொஞ்ச நேரம் சூடாக இருக்கும், பிறகு உள்ளே ஒன்றும் மிஞ்சாது. கால் இழந்த இன்னொருவருக்கு நடக்கப் பழக்கிய நாள் மட்டும் இரவிலும் கூட இருக்கும். அப்படித்தான் திரும்பக் கோயில் படி ஏறினேன். காணாமல் போன தம்பியைத் தேடுவதை விடவில்லை, நீதி கேட்பதையும் விடவில்லை. விசுவாசம் அதை விடச் சொல்லவுமில்லை.

பரிஸ் நகரத்து அந்த அறைக்கு நான் இன்னும் வந்து சேரவில்லை. மற்றப் பக்கத்தில் நின்றவன் ஒருவனோடு ஒரே அறையில் இருக்க என்னால் முடியுமா என்று தெரியாது. முடிய வேண்டும் என்று செபிக்க மட்டும் இப்போது முடிகிறது.