வெறுங்காலோடு தொடங்கிய வெற்றிப் பயணம்

ஒரு கலையைக் கற்றுத் தேர்ந்தவர் பலர். கற்றதைத் தம் நாட்டு இளைஞருக்கு வழங்கி அவர்களை உயர்த்துவோர் சிலரே. அச்சிலருள் ஒருவராகக் கானா நாட்டின் கால்பந்து வீரர் சார்லஸ் குமி ஜாம்ஃபியை நாம் காண்கிறோம்.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா, அன்று ஆங்கிலேயர் ஆட்சியில் 'தங்கக் கடற்கரை' என வழங்கியது. அதன் தலைநகராம் அக்ராவில் 1929ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் அவர் பிறந்தார். 1951இல் அந்நாட்டு அணி இங்கிலாந்து சென்று ஆடியபோது அவரும் உடன் சென்றார். வெறுங்காலோடு ஆடிப் பழகிய அவ்வீரர்கள், ஈரமும் குளிரும் நிறைந்த திடல்களில் பூட்ஸ் அணிந்தவரை எதிர்த்தனர். பெரும்பாலான ஆட்டங்களில் தோல்வியே கிட்டியது. திறமை மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்பதை அத்தோல்விகள் நமக்கும் உணர்த்துகின்றன.

1957இல் கானா விடுதலை பெற்றது. 1960இல் ஜாம்ஃபி ஜெர்மனியின் ஃபோர்ச்சுனா டூசல்டார்ஃப் கழகத்தில் சேர்ந்தார். அங்கு ஆடியதோடு பயிற்சி முறைகளையும் கற்றுத் தாயகம் திரும்பினார். ஆப்பிரிக்க அணிகள் பலவற்றிற்கு ஐரோப்பியரே பயிற்சியாளராய் இருந்த காலம் அது. கானா தன் சொந்த மைந்தனிடமே தேசிய அணியை ஒப்படைத்தது.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1963இல் அக்ராவில் நடந்த இறுதி ஆட்டத்தில் சூடானை 3-0 என வென்று, கானா முதன்முறையாக ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையைப் பெற்றது. அப்போது பயிற்சியாளருக்கு 34 வயதுகூட நிறையவில்லை! 1965இல் பெரும்பாலும் புதிய இளைஞர்களைக் கொண்ட அணியோடு டூனிஸ் சென்றார். டூனிசியாவை அதன் தலைநகரிலேயே 3-2 என வென்று கோப்பையைத் தக்கவைத்தார்.

பின்னர் 17 ஆண்டுகள் கழிந்தன. 1982இல் மீண்டும் அவரே அணியை நடத்திச் சென்றார். திரிப்போலியில் லிபியாவுடனான இறுதி ஆட்டம் 1-1 எனச் சமமாகி, பெனால்ட்டி உதைகளில் கானாவுக்கு வெற்றி கிட்டியது. அவ்வணியில் இடம்பெற்ற 17 வயது அபேடி பெலே, பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் தலைசிறந்த வீரராய் விளங்கினார்.

மும்முறை இக்கோப்பையை வென்ற முதல் பயிற்சியாளரான ஜாம்ஃபி, 2015இல் மறைந்தார். வெற்றி பெற்றவர்களை மட்டும் நம்பியிராமல், இனி வெல்லக்கூடிய இளையோரையும் அவர் நம்பினார். மாணவியரே! நாம் கற்பவை நமக்குப் பின் வருவோர்க்கும் பயன்பட்டால், நம் கல்வியும் முழுமை பெறுமன்றோ!