இருமுறை ‘வேண்டாம்’ என்ற பெண்மணி

1917ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் புனித வெள்ளி. இரவெல்லாம் விவாதித்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, அன்று அதிகாலை ஏறக்குறைய மூன்று மணிக்கு, முதல் உலகப் போரில் இறங்குவது என்று முடிவெடுத்தது. ஆதரவு 373 வாக்குகள், எதிர்ப்பு 50. எதிர்த்தவர்களில் 49 பேர் ஆண்கள். எஞ்சிய ஒருவர், பதவியேற்று நான்கே நாள்களான ஜெனட் ரேங்கின். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்.

மலைகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த மொன்டானா பகுதியில், மிசூலா நகருக்கு அருகில், 1880ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி அவர் பிறந்தார். தாய் முன்னாள் பள்ளி ஆசிரியை. தந்தை பண்ணை உரிமையாளர். ஜெனட் மூத்த மகள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர் ஊராக அலைந்து பேசியவர்களில் அவரும் ஒருவர். மொன்டானா பெண்கள் 1914ஆம் ஆண்டில் அந்த உரிமையைப் பெற்றனர். இரண்டே ஆண்டுகளில் அவர் குடியரசுக் கட்சி சார்பில் வெற்றி பெற்றார். நாடு முழுவதும் பெண்களின் வாக்குரிமை அரசியலமைப்பில் இடம்பெற்றதோ 1920இல்தான்.

அரசுத்தலைவர் உட்ரோ வில்சன் நாட்டைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர் என்ற பெயரில்தான் 1916இல் மீண்டும் தேர்தலில் வென்றார். ஆனால் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் மறு ஆண்டு பிப்ரவரியில் வணிகக் கப்பல்களைக் கட்டுப்பாடின்றித் தாக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஏப்ரல் 2ஆம் தேதி பகலில் ரேங்கின் பதவியேற்றார். அன்று மாலையே வில்சன் போர்ப் பிரகடனம் கேட்டு வந்து நின்றார். ஆண்கள் வாக்களிப்பது போலவே வாக்களித்துவிடு என்று சகோதரர் வெலிங்டன் வற்புறுத்தினார். பெண்ணுரிமை இயக்கத் தோழியர் சிலரும் அஞ்சினர். இவர் மறுத்தால், பெண்கள் நாட்டை ஆளத் தகுதியற்றவர்கள் என்று சொல்லிவிடுவார்களே என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை பொய்யுமல்ல. பெரும்பான்மைக் கட்சியின் அவைத்தலைவர் கிளாட் கிச்சினே எதிர்த்து வாக்களித்திருக்க, நாளேடுகள் ரேங்கின் அழுதார் என்பதைத்தான் பெரிதாக எழுதின.

இங்கே ஒன்றை நாம் மறைக்கக் கூடாது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பேராயர்கள் அதே ஏப்ரலில் அரசுத்தலைவருக்குத் தங்கள் முழு ஆதரவைத் தெரிவித்தனர். ஆனால் ஆகஸ்ட் மாதம் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட், போரிடும் நாடுகளுக்குச் சமாதானத் திட்டம் ஒன்றை அனுப்பினார். வில்சன் அதை ஏற்கவில்லை. ரேங்கின் கத்தோலிக்கர் அல்லர். எனினும் அந்த ஆண்டு திருத்தந்தைக்கு அருகில் நின்றவர் அவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. அவரும் எல்லாவற்றிலும் உறுதியாய் இருந்துவிடவில்லை. அதே டிசம்பரில் ஆஸ்திரிய-ஹங்கேரிக்கு எதிரான போர்ப் பிரகடனத்துக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார். 1918இல் செனட் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அந்தப் போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்குப் பதவி இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் மின்சாரம்கூட இல்லாத வீட்டில் வாழ்ந்துகொண்டு, போர்த்தடுப்பு அமைப்புகளுக்காக உழைத்தார். 1940இல், தமது 60ஆவது வயதில், மீண்டும் மொன்டானாவில் நின்றார். கட்சிக்குள் அவர் தோற்கடித்த ஜேக்கப் தோர்கெல்சன், யூத வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போனவர். போரில் இறங்கக் கூடாது என்ற அணியில் எல்லாரும் ஒரே மனத்தினர் அல்லர் என்பதை இது காட்டுகிறது.

1941 டிசம்பர் 7ஆம் தேதி பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு 2,400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறுநாள் சபை கூடியது. ரேங்கின் பேச எழுந்தபோதெல்லாம் சபாநாயகர் சாம் ரேபர்ன் அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. ஒருமனதான முடிவாக இருக்கட்டும் என்று உறுப்பினர்கள் கெஞ்சினர். முடிவு 388க்கு 1. கூச்சலுக்கும் கோபத்துக்கும் நடுவே அவர் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, காவலரை அழைத்தார். அவர்கள் வந்தே அவரை அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தனர். மொன்டானா முழுவதுமே உனக்கு எதிராக இருக்கிறது என்றார் சகோதரர். கன்சாஸ் மாநிலப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட் மட்டும், அவர் கருத்து தவறு, ஆனால் அது துணிச்சலான செயல் என்ற பொருளில் எழுதினார்.

1917இன் மறுப்பைப் புரிந்துகொள்வது எளிது. 1941இன் மறுப்பு அப்படியல்ல. தாக்கியவர் ஜப்பான்; ஐரோப்பாவிலோ ஹிட்லரின் படைகள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தன. தலையிடாதிருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர்கள் வேறு யாரோ. ரேங்கினின் வாக்கு இந்தக் கேள்விக்கு விடை தரவில்லை என்றே இதை எழுதுபவருக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு நாடு மகன்களைப் போருக்கு அனுப்பும் நாளில், ஏன் என்று கேட்க ஒருவருக்குக்கூட அனுமதி இல்லை என்றால், அடுத்த முறை என்ன ஆகும்?

அடுத்த முறை வந்தது. அமெரிக்கச் சட்டப்படி போர்ப் பிரகடனம் செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கே உண்டு. ஆனால் 1942க்குப் பிறகு அது ஒருமுறையும் முறைப்படி போர் அறிவிக்கவில்லை. கொரியாவும் வியட்நாமும் அறிவிக்கப்படாத போர்கள். 1964 ஆகஸ்டில் டொன்கின் வளைகுடா தீர்மானம், பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0 என்று நிறைவேறியது. எதிர்க்க ஒருவரும் இல்லை. வியட்நாமில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், இலட்சக்கணக்கான வியட்நாமியர்களும் மடிந்தனர்.

ரேங்கின் அதையும் பார்த்தார். காந்தியடிகளின் அறவழியால் ஈர்க்கப்பட்டு, 1946 முதல் 1971 வரை ஏழுமுறை இந்தியாவுக்கு வந்துபோனவர் அவர். 1968 ஜனவரி 15ஆம் தேதி, 87 வயதில், தம் பெயரைத் தாங்கிய படையணியுடன், ஏறக்குறைய ஐயாயிரம் பெண்களுக்கு முன்னே வாஷிங்டனில் நடந்தார். அந்தப் படையில் ஆயுதம் மட்டும் இல்லை.

1973ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி, கலிபோர்னியாவில், 92 வயதில் அவர் இறந்தார். அதே நவம்பரில், அரசுத்தலைவரின் போர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை, நிக்சனின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் நிறைவேற்றியது. 1985 முதல் அவரது சிலை காங்கிரஸ் கட்டடத்துக்குள் நிற்கிறது. அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து 1976இல் தொடங்கிய அறக்கட்டளை, வறுமையில் வாடும் பெண்களைப் படிக்க வைக்கிறது.