ஸர் கே. எஸ். கிருஷ்ணனவர்கள் சரித்திரச் சுருக்கம்

பௌதிக சாஸ்திரம் கற்கும் மாணாக்கர் பலர், சூத்திரங்களை நெட்டுருப் பண்ணிப் பரீக்ஷையில் தேறுவதே கல்வியின் முடிபென்று கருதுகின்றனர். அங்ஙனம் கருதுவோர், நம் கலாசாலையின் பழைய மாணாக்கருள் ஒருவராகிய கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணனவர்களின் வாழ்க்கையை ஒரு முறை நோக்குதல் நலம்.

இவர் 1898ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 4ந் தேதி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் வேளாண்மை செய்துவந்தவர். தமிழிலும் வடமொழியிலும் பயிற்சியுடையவர். கிருஷ்ணனவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், மதுரை அமெரிக்கன் காலேஜிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிலும் பயின்றார். அக்காலத்தில் நம் கலாசாலை ஜார்ஜ் டவுனில் ஹைக்கோர்ட்டுக்கு எதிரே இருந்தது; தாம்பரத்திற்கு வந்தது 1937ஆம் வருஷத்திலேயாம்.

பட்டம் பெற்ற பின் அங்கேயே ரசாயன சாஸ்திர டெமான்ஸ்டிரேட்டராக அமர்ந்தார். நடுப்பகல் உணவு வேளையில் மாணாக்கரைக் கூட்டி, பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகியவற்றில் அவரவர்க்குத் தோன்றிய ஐயங்களைத் தடையின்றி வினவச் செய்து, உடனிருந்து ஆராய்வார். அயற் கலாசாலை மாணாக்கரும் அக்கூட்டத்தை நாடி வந்தனர். அங்கே வருகைப் பதிவும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

1920இல், ராமனவர்களின் ஆராய்ச்சியால் ஈர்க்கப்பட்டு, இருந்த உத்தியோகத்தை விட்டுக் கல்கத்தா சென்று மீண்டும் மாணாக்கரானார். 1923இல் ராமனவர்களிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1928இன் தொடக்கத்தில் இருவரும் செய்த சோதனை எளியது. சூரிய ஒளியை ஒரு நிறக் கண்ணாடியின் வழியே வடித்துத் திரவத்திற் செலுத்தினர். அந்நிறத்தை முற்றிலும் தடுக்கும் மற்றொரு கண்ணாடியின் வழியே, சிதறிய ஒளியை நோக்கினர். சிதறியது புகுந்த நிறமேயாயின் ஒன்றும் தோன்றலாகாது. ஆயினும் மங்கிய ஒளி தோன்றிற்று! திரவத்தின் அணுத்திரள்களோடு சக்தியைக் கொடுத்தும் கொண்டும் ஒளி தன் நிறம் மாறியதே காரணம். ஏறத்தாழ 60 திரவங்களில் இதனைக் கண்டு, இருவர் பெயராலும் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டனர்.

1930ஆம் வருஷத்து நோபெல் பரிசு ராமனவர்கள் ஒருவருக்கே உரியதாயிற்று. துணைவரின் பங்கு எவ்வளவு என்னும் வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. பரிசு அறிவிக்கப்படு முன்னரே கிருஷ்ணனவர்கள் டாக்கா ஸர்வகலாசாலையை அடைந்து, படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, அவற்றின் காந்த குணத்தை அளக்கும் புதுத்துறையில் இறங்கிவிட்டார் என்பதையே நாம் குறிப்பிட விரும்புகிறோம். அத்துறையிற் பெற்ற புகழ் எவரோடும் பங்கிடப்பட வேண்டாத அவரது சொந்தப் பொருள்.

1933இல் கல்கத்தாவுக்கு மீண்டார். 1940இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1942இல் அலகாபாத்தில் பௌதிகப் பேராசிரியரானார். 1946இல் ஸர் பட்டம் பெற்றார். 1947இல் புதுதில்லித் தேசீய பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் முதல் தலைவராகி, 1961இல் காலமானார்.

சேலையூர் வனத்தின் நிழலில் பௌதிகம் பயிலும் நம்மவர்க்கும் உணவு வேளை உண்டு, ஐயங்களும் உண்டு. அவற்றை வாய்விட்டுக் கேட்கும் வழக்கத்தை மீண்டும் தொடங்குவோமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் தக்க கைம்மாறாகும்.